லண்டன் வீடுகளில் ஃப்ரீவியூ: கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்தின் சிக்னலைச் சரியாகப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

லண்டனில் புதிதாக வீடு மாறுகிறவர்கள் டிவியைச் சுவரில் மாட்டியதும் வைஃபை கடவுச்சொல்லைத்தான் தேடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஏரியல் சாக்கெட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 தொடங்கிப் பல பத்துச் சேனல்கள் இணையமே தேவைப்படாமல் வானலையில் வந்துகொண்டிருக்கின்றன. இந்த இலவசச் சேவைக்குத்தான் ஃப்ரீவியூ என்று பெயர். மாதச் சந்தா கிடையாது. பிராட்பேண்ட் நின்றுபோன நாளிலும் செய்தி பார்க்கலாம். விம்பிள்டன் இறுதியாட்டத்தில் பக்கத்து வீட்டார் கத்திய பிறகு பந்து வருகிற தொல்லையும் இல்லை. இணைய வழி ஒளிபரப்பு எப்போதும் பல நொடிகள் பின்தங்கித்தான் வரும்.

தமிழ்ச் சேனல்களுக்காக இதை மாட்டச் சொல்லவில்லை. அதற்கு நீங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். உள்ளூர்ச் செய்தி, பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள், கால்பந்து, தேர்தல் இரவு ஆகியவற்றுக்கு ஏரியல் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் படம் கட்டம் கட்டமாக உடைகிற வீடுகளில் பெரும்பாலும் காற்றில் சிக்னலுக்குக் குறைவே இருக்காது. அது டிவிக்குள் வந்து சேரும் வழியில்தான் கோளாறு இருக்கும். அதனால் கடைக்குப் போய் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்குவதற்கு முன் கோபுரத்திலிருந்து ஆரம்பித்து டிவி வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பூஸ்டரைக் கடைசியில் யோசிக்கலாம்.

கோபுரத்தைப் பற்றிக் கொஞ்சம்

தென்கிழக்கு லண்டனில் சிடனம் மேட்டில் நிற்கிற 219 மீட்டர் உயர இரும்புக் கோபுரம்தான் கிரிஸ்டல் பேலஸ். 1956இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. கேனரி வார்ஃபில் உயர்ந்த கட்டடங்கள் வரும்வரை லண்டனிலேயே உயரமானது இதுதான். பழைய அனலாக் ஒளிபரப்பு இங்கே 2012 ஏப்ரல் 4, 18 ஆகிய இரு நாட்களில் இரண்டு கட்டமாக நிறுத்தப்பட்டது. அதிலிருந்து எல்லாமே டிஜிட்டல்.

டிஜிட்டலில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி அலைவரிசை கிடையாது. பல சேனல்களை ஒரே கட்டாகக் கட்டி ஓர் அலைவரிசையில் அனுப்புகிறார்கள். அந்தக் கட்டுக்கு மக்ஸ் என்று பெயர். கிரிஸ்டல் பேலஸிலிருந்து முக்கியமான ஆறு மக்ஸ்கள் வருகின்றன. யூஎச்எஃப் என்ற டிவி அலைப்பட்டையில் அவை வரும் எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்:

- யூஎச்எஃப் 23: பிபிசி ஒன், பிபிசி டூ முதலியவை
- யூஎச்எஃப் 26: ஐடிவி 1, சேனல் 4, சேனல் 5
- யூஎச்எஃப் 30: 101 முதல் வரும் எச்டி சேனல்கள்
- யூஎச்எஃப் 22, 25, 28: மற்ற வணிகச் சேனல்கள்

ஆறும் 22க்கும் 30க்கும் நடுவில், அதாவது ஏறத்தாழ 478 முதல் 550 மெகாஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடுகின்றன. டிவிக்கான யூஎச்எஃப் பட்டையில் இது அடிமட்டம். ஏரியல் வாங்கும்போது இது பெரிய விஷயமாகும். சக்தியும் குறைவில்லை: ஒவ்வொரு மக்ஸும் 200 கிலோவாட் பயனுறு திறனில் வருகிறது.

படி 1: திசையைக் கண்டுபிடியுங்கள்

ஃப்ரீவியூவின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்களுக்கு எந்தக் கோபுரம், எந்தெந்தச் சேனல் கிடைக்கும் என்று வந்துவிடும். லண்டனின் பெரும்பகுதிக்குக் கிரிஸ்டல் பேலஸ்தான் வரும்.

திசைக்கு, போனில் வரைபடத்தைத் திறந்து வீட்டிலிருந்து கோபுரத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஹாரோவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், வெம்பிளியிலிருந்து சுமார் 20. இரண்டுக்கும் கோபுரம் தென்கிழக்கே. சவுத்தாலுக்கும் அப்படித்தான், ஆனால் கிழக்குப் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டுக்குத் தென்மேற்கே 15 முதல் 18 கிலோமீட்டர். டூட்டிங்கிலிருந்து நேர் கிழக்கே ஆறு ஏழு கிலோமீட்டர்தான். குராய்டனில் இருப்பவர்களுக்கு வடக்கே, இன்னும் பக்கம்.

குராய்டன், நார்வுட் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: அங்கே இரண்டு கோபுரங்கள் கண்ணில் படும். சவுத் நார்வுட்டில் நிற்பது குராய்டன் கோபுரம், அதைவிட உயரமானது கிரிஸ்டல் பேலஸ். இரண்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர்கூடக் கிடையாது. ஹாரோவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே திசை மாதிரிதான். பக்கத்திலிருந்து பார்க்கும்போது நிச்சயமாக வேறு வேறு திசை.

சில பள்ளமான இடங்களுக்கு, கில்ஃபோர்டு, ரைகேட், ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் போன்ற ஊர்களில் துணைக் கோபுரங்கள் இருக்கின்றன. மிகச் சிறிய துணைக் கோபுரங்கள் பலவற்றில் மூன்று மக்ஸ்தான் வரும், ஆறும் வராது. உங்கள் தெருவில் கூரைமேல் இருக்கும் ஏரியல்களின் கம்பிகள் செங்குத்தாக இருந்தால், அநேகமாகத் துணைக் கோபுரத்தைப் பார்க்கின்றன என்று பொருள். கிடைமட்டமாக இருந்தால் பெரிய கோபுரம். கிரிஸ்டல் பேலஸுக்குக் கம்பிகள் கிடைமட்டமாகத்தான் இருக்க வேண்டும். இதைத் தப்பாக மாட்டினால் சிக்னலில் பெரும்பங்கு போய்விடும்.

படி 2: டிவியும் உரிமமும்

2010க்குப் பிறகு பிரிட்டனில் வாங்கிய எச்டி டிவிகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஃப்ரீவியூ எச்டி என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எச்டி மக்ஸைத் தவிர மற்ற ஐந்தும் டிவிபி-டி என்ற பழைய ஒளிபரப்பு முறையில் வருகின்றன. எச்டி மக்ஸ் மட்டும் டிவிபி-டி2 என்ற புதிய முறை. பழைய டிவியில் 1, 2, 3 வரும், 101 வராது என்றால் ஏரியலைக் குறை சொல்லாதீர்கள்; டிவிக்கே அந்தத் திறன் இல்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுவந்த டிவி என்றால் அதன் விவரக் குறிப்பில் டிவிபி-டி2 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தாலும் எச்டி சேனல்களின் நிகழ்ச்சி அட்டவணை காலியாகத் தெரியலாம். ஃப்ரீவியூ எச்டியில் அந்த அட்டவணையைச் சுருக்கி அனுப்புகிறார்கள். உரிமம் பெற்ற பெட்டிகளுக்குத்தான் அதை விரிக்கத் தெரியும். படம் வருவதில் சிக்கல் இருக்காது.

நேரடியாக எந்தச் சேனலைப் பார்த்தாலும் டிவி உரிமம் வேண்டும். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. தொகை மாறக்கூடியது, கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் வீட்டுக்குப் பொதுவாக ஓர் உரிமம் போதும். அறைக்கு ஒரு ஒப்பந்தம் என்றால் அறைக்கு ஓர் உரிமம் வேண்டியிருக்கும். இதில் சந்தேகம் வைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம்.

படி 3: எந்த ஏரியல்?

கடையில் பெட்டிமேல் "அதிக வலிமை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்குவதில்தான் முதல் பணம் வீணாகிறது. யாகி என்பது நீளத் தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக இருக்கும் ஏரியல். பட்டை முழுவதுக்கும் என்று செய்த அகலப் பட்டை யாகிகளின் திறன் அலைவரிசை ஏற ஏறக் கூடும். பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் பட்டையின் மேல்முனையில் கிடைப்பது. அந்த மேல்முனை இன்று டிவிக்கே இல்லை. 4ஜிக்கும் 5ஜிக்கும் போய்விட்டது. கிரிஸ்டல் பேலஸ் வேலை செய்யும் அடிமட்டத்தில் அதே ஏரியல் சுமாராகத்தான் பிடிக்கும். உங்களுக்கு வேண்டாத போன் சிக்னலைப் பிரமாதமாகப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டில் ஒன்று. லாக் பீரியாடிக் ஏரியல் ஒன்று: பட்டை முழுக்க ஒரே மாதிரி பிடிக்கும், பக்கவாட்டிலிருந்து வரும் மின் சத்தத்தை (சிக்னலைக் கெடுக்கும் வேண்டாத அலைகளை) உள்ளே விடாது, அளவும் சிறியது. ஹாரோ வரைக்கும் நல்ல இடத்தில் மாட்டினால் இதுவே தாராளம். இன்னொன்று குரூப் ஏ யாகி: யூஎச்எஃப் 21 முதல் 37 வரைக்கென்றே செய்தது, முனையில் சிவப்பு மூடி இருக்கும். மேடு, மரம், உயர்ந்த கட்டடம் குறுக்கே நிற்கிற வீடுகளுக்கு இது. சாம்பல் மூடி குரூப் கே, 21 முதல் 48 வரை, இதுவும் பரவாயில்லை. கறுப்பு மூடியை எடுக்காதீர்கள், அதுதான் மேலே சொன்ன அகலப் பட்டை.

எதை வாங்கினாலும் கேபிள் சேரும் இடத்தில் பேலன் (ஏரியலையும் கேபிளையும் பொருத்தமாக இணைக்கும் சிறு பகுதி) இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத மலிவு ஏரியல்களில் கேபிளின் வெளிப்பின்னலே ஓர் ஏரியலாக மாறி வீட்டுக்குள் இருக்கும் பாய்லர், லிஃப்ட், தெருவில் போகும் மோட்டார் சைக்கிள் என எல்லாச் சத்தத்தையும் இழுத்துக்கொண்டு வரும்.

வீட்டுக்குள் வைக்கும் ஏரியல் போதாதா? டூட்டிங்கிலும் குராய்டனிலும் தாராளமாகப் போதும். அங்கே வேறு எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன். ஈஸ்ட் ஹாமில் மேல்மாடி, தென்மேற்கு ஜன்னல் என்றால் பார்க்கலாம். ஹாரோவில் தரைத்தளத்தில் வைத்தால் யாராவது சோபாவைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் படம் உடையும். இன்னொன்று, புதிய கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடிமேல் வெப்பத்தைத் தடுக்கக் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கும். சுவருக்குள் அலுமினியத் தாள் ஒட்டிய பலகை இருக்கும். வெளியே எவ்வளவு சிக்னல் இருந்தாலும் இவை அதைத் தடுத்துவிடும்.

வாங்கும் முன் சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. ஒரு துண்டு கோஆக்சியல் கேபிளின் (ஏரியல் ஒயரின்) முனையில் 14 சென்டிமீட்டருக்கு மேல் உறையை உரித்து, வெளிப்பின்னலையும் உள்கம்பியையும் தனித்தனியே பிரித்து, இரண்டையும் எதிரெதிராகக் கிடைமட்டமாக நீட்டி ஓர் அட்டையில் டேப்பால் ஒட்டுங்கள். மொத்த நீளம் 28 சென்டிமீட்டர். கிரிஸ்டல் பேலஸின் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி இது. அட்டையின் முகப்பு கோபுரத்தைப் பார்க்கட்டும். இந்த அரைப் பவுண்டுச் சாமானில் ஆறு மக்ஸும் நின்றால் உங்கள் வீட்டுக்குச் சின்ன ஏரியல் எதுவும் போதும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இணையம் வழியாகவே எல்லாம் வரும்போது ஏரியலுக்குச் செலவு செய்யலாமா என்று கேட்கிறார்கள். இணைய வழி இலவச டிவியான ஃப்ரீலி 2024இல் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வானலை ஒளிபரப்பை 2034 வரையாவது நடத்துவோம் என்று பிரிட்டன் அரசு சொல்லியிருக்கிறது. ஓர் ஏரியல் அதன் விலையை அதற்குள் பல மடங்கு ஈடுகட்டிவிடும்.

படி 4: மாட்டும் இடம்

கூரைக்கு மேலே முதல் தரம், வெளிச்சுவர் அடுத்தது, கூரைக்குள் இருக்கும் லாஃப்ட் மூன்றாவது. ஓட்டுக் கூரை லாஃப்டில் சிக்னல் பாதிக்கு மேல் குறையும்; மழை பெய்து ஓடு நனைந்தால் இன்னும் குறையும். ஆனாலும் லண்டனுக்குள் பல வீடுகளில் மிச்சம் இருப்பதே போதுமானது. கேபிள் வெயில் மழை படாது, ஏணி வேண்டாம். கூரைமேல் சூரியத் தகடு போட்டிருந்தால், அல்லது லாஃப்டில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தால், அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

லாக் பீரியாடிக்கின் குட்டைக் கம்பிகள் இருக்கும் கூர்முனைதான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். உருவத்தைப் பார்த்து அகன்ற பக்கத்தைத் திருப்பி மாட்டுகிறவர்கள் ஏராளம். யாகியில் பின்னால் இருக்கும் வலை போன்ற தட்டு கோபுரத்துக்கு எதிர்ப்பக்கம்.

திசையை நுணுக்கமாகச் சரிசெய்யும்போது டிவியின் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்து ஒருவர் பார்க்க, இன்னொருவர் மெதுவாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் திருப்பி, ஐந்தாறு நொடி நிறுத்துங்கள். டிவியின் அளவுகோல் உடனே நகராது. வலிமை, தரம் என்று இரண்டு அளவு காட்டும். தரத்தை மட்டும் பாருங்கள். வலிமை உச்சத்தைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை.

கூரைமேல் ஏறுவது பற்றி என் கருத்து ஒன்றுதான்: ஏறாதீர்கள். ஈரமான லண்டன் கூரை வேலை தெரிந்தவர்களையே வழுக்கிவிடும். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: கேபிளும் அதன் முனையும்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். லண்டனில் நான் பார்த்த ஃப்ரீவியூ கோளாறுகளில் பெரும்பாலானவை ஏரியலுக்கும் டிவிக்கும் நடுவில், அதுவும் கடைசி இரண்டு மீட்டரில் இருந்தவை. டிவியோடு இலவசமாக வருகிற அல்லது ஒரு பவுண்டுக் கடையில் கிடைக்கிற, முனை வார்த்து மூடிய வெள்ளை ஒயர்தான் பெரிய குற்றவாளி. அதை அறுத்துப் பார்த்தால் உள்கம்பியைச் சுற்றி நாலைந்து முடி போன்ற இழைகள்தான் இருக்கும். முழுப் பின்னலும் உலோகத் தாளும் இல்லாத கேபிள், தடுக்க வேண்டிய சத்தத்தை உள்ளே விடும்.

வாங்க வேண்டியது சாட்டிலைட் தரக் கேபிள்: உள்ளே முழுச் செப்புக் கம்பி, அதைச் சுற்றி நுரைக் காப்பு, அதன்மேல் செப்புத் தாள், அதன்மேல் செப்புப் பின்னல். இப்படிப்பட்ட கேபிளில் நம் அலைவரிசையில் பத்து மீட்டருக்கு ஒன்றரை டெசிபல் அளவில்தான் இழப்பு. பழைய பழுப்பு நிறக் கேபிள் வீட்டில் இருந்தால் அதன் முனையை வெட்டிப் பாருங்கள். பின்னல் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்து, பச்சை பிடித்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. அதைச் சரிசெய்ய வழியில்லை, முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

முனை மாட்டுவது இப்படி. எஃப் வகைத் திருகு முனையும் கூரான கத்தியும் போதும். முனையிலிருந்து சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்கு வெளி உறையை மட்டும் சுற்றி வெட்டி உருவுங்கள். கத்தி பின்னலில் பட்டால் இழைகள் அறுந்துவிடும், லேசாக அழுத்துங்கள். பின்னலைப் பிரித்து உறையின்மேல் பின்னோக்கி மடியுங்கள். செப்புத் தாளையும் அப்படியே. இப்போது நுரைக் காப்பு தெரியும். அதை முனையில் வெட்டி எடுத்து, அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விடுங்கள். உள்கம்பி வெளியே வரும். இனி நிறுத்திக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள்: ஒரே ஓர் இழை பின்னலிலிருந்து பிரிந்து உள்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் சிக்னல் அங்கேயே செத்துவிடும். எதுவும் தொடவில்லை என்றால், மடித்த பின்னல்மேல் எஃப் முனையைக் கடிகாரச் சுற்றில் திருகுங்கள். நுரைக் காப்பு முனையின் உட்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். உள்கம்பி விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும், மீதியை வெட்டிவிடுங்கள். டிவியின் பின்னால் இருப்பது பெல்லிங்-லீ துளை என்பதால், எஃப் முனைமேல் அதற்கான சிறு மாற்றி ஒன்றைத் திருகிக்கொண்டால் முடிந்தது.

வெளியே இருக்கும் இணைப்புகளில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சுவருக்குள் கேபிள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வளைவு விடுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், துளை வழியாக வீட்டுக்குள் வராது.

சாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய ஃபிளாட்களில் ஒரே தகட்டில் டிவி, சாட், எஃப்எம் என்று மூன்று துளைகள் இருக்கும். டிவி என்று எழுதியதில் செருக வேண்டும். கேபிள் இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன சாக்கெட்டில் செருகிவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று தவிக்கிறவர்களும் உண்டு. அதில் ஃப்ரீவியூ வராது.

படி 6: ட்யூன் செய்வது

தானியங்கித் தேடல் போதும், பெரும்பாலானவர்களுக்கு. ஆனால் ஹாரோ போன்ற ஓரப் பகுதிகளில் டிவி, பெட்ஃபோர்டுஷயரில் இருக்கும் சாண்டி ஹீத் கோபுரத்தையும் சேர்த்துப் பிடிக்கலாம். தெற்கு, மேற்கு ஓரங்களில் ஹேனிங்டன் வரலாம். கென்ட் பக்கம் புளூபெல் ஹில். அப்போது 1ஆம் எண்ணில் லண்டன் செய்திக்குப் பதில் வேறு வட்டாரச் செய்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். லண்டன் சேனல் 800க்கு மேல் ஏதோ ஓர் எண்ணில் கிடக்கும்.

இதற்குத்தான் முன்னால் குறித்து வைத்த எண்கள். முதலில் ஏரியல் ஒயரைக் கழற்றிவிட்டுத் தானியங்கித் தேடலை ஓட்டுங்கள். சேனல் ஒன்றுமில்லை என்று வரும். பழைய பட்டியல் அழிந்துவிடும். அப்புறம் ஒயரைச் செருகி, கைமுறைத் தேடலில் 22, 23, 25, 26, 28, 30 ஆகிய ஆறையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். 30க்கு டிவிபி-டி2 என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: படம் உடைந்தால்

அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், பேய் நிழல் வரும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் நடுநிலை கிடையாது. தேவையான தரம் வரை படம் சுத்தமாக இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கியதும் உடைந்து, நின்றே போகும். இன்று நன்றாக இருக்கிறதே என்பதால் போதுமான கையிருப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

முதல் கேள்வி: எல்லாச் சேனலுமா, சிலவா? சிலதான் என்றால் அவை எந்த மக்ஸைச் சேர்ந்தவை என்று பாருங்கள். 22, 25, 28 மட்டும் போகிறது, பிபிசி நிற்கிறது என்றால் பொதுவாகச் சிக்னல் குறைவு. அந்த மூன்றிலும் அதிகச் சேனல்களை அடைக்கப் பிழைதிருத்தத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள், அதனால் முதலில் விழுவது அவைதான். ஒரே ஒரு மக்ஸ் மட்டும், அது எதுவானாலும், போனால் எங்கோ மோதித் திரும்பும் அலை அந்த அலைவரிசையை மட்டும் தின்கிறது; ஏரியலை அரை மீட்டர் நகர்த்தினாலே சரியாகலாம். 101 மட்டும் வரவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

எல்லாமே ஒரே நேரத்தில் போய்விட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கோபுரத்திலேயே கோளாறாக இருக்கலாம். 2021 ஆகஸ்ட் 10 அன்று வட யார்க்‌ஷயரில் பில்ஸ்டேல் கோபுரத்தில் தீப்பிடித்து லட்சக்கணக்கான வீடுகளில் டிவி நின்றுபோனது. அந்த நாளில் ரீட்யூன் செய்தவர்களுக்கு இருந்த பட்டியலும் அழிந்ததுதான் மிச்சம். சிக்னல் இல்லாதபோது ரீட்யூன் செய்யாதீர்கள். காற்றழுத்தம் கூடி வானம் தெளிவாக இருக்கும் நாட்களிலும் இதேதான்: தொலைதூர நிலையங்களின் அலைகள் வளைந்து வந்து குறுக்கிடும், ஐரோப்பாவிலிருந்துகூட வரும். வானிலை மாறினால் தானாகச் சரியாகும். அதுவரை ரிமோட்டைக் கீழே வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது, விளக்கு சுவிட்சைப் போடும்போது படம் துள்ளுகிறதா? அது கேபிளின் குறை, ஐந்தாம் படி. கோடையில் மட்டும் கெடுகிறதா? கோபுரத்துக்கும் ஏரியலுக்கும் நடுவில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். மழையில் மட்டும் கெட்டால் முனைக்குள் தண்ணீர்.

பூஸ்டர்

கோபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பூஸ்டர்தான் நோயே. டிவிக்கு வேண்டியது 45 முதல் 65 டெசிபல்-மைக்ரோவோல்ட் அளவு சிக்னல். டூட்டிங்கில் கூரைமேல் ஒரு பெரிய யாகியை மாட்டினாலே அதைத் தாண்டிவிடும். அதன்மேல் பூஸ்டர் போட்டால் டிவியின் உள்வாயில் நெரிந்து, படம் உடையும். பார்ப்பதற்கு அச்சு அசலாகச் சிக்னல் இல்லாத படம் மாதிரியே இருக்கும், அதனால் இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கப் போவார்கள். வலிமை முழுதாகக் காட்டி, தரம் ஏறி இறங்கினால் இதைச் சந்தேகியுங்கள். சில பவுண்டுக்குக் கிடைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை ஒயருக்கும் டிவிக்கும் நடுவில் போட்டுச் சிக்னலைக் குறைத்துப் பாருங்கள். குறைக்கக் குறைக்கப் படம் தெளிந்தால் விடை கிடைத்துவிட்டது.

சிக்னல் உண்மையிலேயே குறைந்த இடத்தில் டிவிக்குப் பின்னால் பூஸ்டர் மாட்டுவதும் வீண். இருட்டில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினால் இருட்டுதானே பெரிதாகும். கேபிளில் தேய்ந்து வந்த சிக்னலோடு அதன் இரைச்சலையும் சேர்த்துத்தான் அது பெருக்கும். பெருக்க வேண்டுமானால் ஏரியலின் கம்பத்திலேயே, கேபிள் தொடங்கும் முன் பெருக்க வேண்டும். அதிலும் 4ஜி, 5ஜியை வடிகட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பூஸ்டருக்கு நியாயமான இடம் ஒன்றுண்டு: ஒரே ஏரியலிலிருந்து நாலு அறைக்குக் கொடுக்கும்போது. இரண்டாகப் பிரித்தாலே நாலு டெசிபல் அளவுக்குக் குறைகிறது. நாலாகப் பிரித்தால் அதன் இரட்டிப்பு. அந்த இழப்பை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் பெருக்கும் பெட்டி போதும்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும், ஆள் கூப்பிடுகிறவர்களுக்கும்

அடுக்குமாடியில் பெரும்பாலும் மொட்டைமாடியில் ஒரு பொது ஏரியல், அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் கேபிள். உங்கள் கையில் இருப்பது சாக்கெட்டிலிருந்து டிவி வரையிலான ஒயர் மட்டும். அதை நல்லதாக மாற்றியும் சரியாகவில்லை என்றால் மேல்வீட்டில், கீழ்வீட்டில் விசாரியுங்கள். அவர்களுக்கும் அதே மக்ஸ் போகிறது என்றால் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "டிவி வரவில்லை" என்று எழுதாதீர்கள். "யூஎச்எஃப் 22, 25, 28 மூன்றும் இத்தனை வீடுகளில் இல்லை, 23, 26, 30 வருகிறது" என்று எழுதினால் வருகிற ஆள் நேராகப் பெருக்கிப் பெட்டிக்குத்தான் போவார்.

வெளியாளை வைத்து ஏரியல் போடுவதானால் சிஏஐ என்ற ஏரியல் தொழில் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். வேலைக்கு முன்பே எந்தக் குரூப் ஏரியல், எந்தக் கேபிள் என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் அவருடைய மீட்டரில் ஆறு மக்ஸின் அளவையும், கூரைமேல் அல்ல, உங்கள் டிவியின் பின்னால் செருகும் முனையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், இரண்டு வருடம் கழித்துப் படம் உடையும்போது எது குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.